காற்றில் மிதக்கும் மின்சாரம்: அம்மா வீட்டுக் கதவுக்குப் போதுமா?

அம்மா அங் மோ கியோவில் தனியாக இருக்கிறார். நான் குடும்பத்தோடு பொங்கோலில். அப்பா மறைந்த பிறகு எங்களுடன் வந்துவிடும்படி எத்தனையோ முறை கேட்டுவிட்டோம். “என் புளோக்கு, என் சந்தை, என் கூட்டாளிங்க எல்லாம் இங்கதானே இருக்கு” என்பதே எப்போதும் பதில். அதனால் சென்ற ஆண்டு ஓர் ஏற்பாடு செய்தேன். வாசற்கதவில் ஒன்று, குளியலறைக் கதவில் ஒன்று என இரண்டு சிறிய உணர்கருவிகளைப் பொருத்தினேன். கதவு திறந்து மூடும்போதெல்லாம் என் கைப்பேசிக்குத் தகவல் வரும். குளியலறைக் கதவு மூடி அரை மணி நேரத்திற்குள் மறுபடியும் திறக்காவிட்டால் எச்சரிக்கை மணி அடிக்கும்.

ஒரு புதன்கிழமை காலை எந்தத் தகவலும் வரவில்லை. செயலியைத் திறந்து பார்த்தேன். ‘குளியலறைக் கதவு திறந்துள்ளது’ என்று பச்சை நிறத்தில் காட்டியது. யாரும் உள்ளே இல்லை என்று பொருள். மழை கொட்டிக்கொண்டிருந்தது. அம்மா இன்று சந்தைக்குப் போகவில்லை போலும் என்று நினைத்தபடி கூட்டத்திற்குப் போய்விட்டேன். 11 மணிக்கு அழைத்தபோது அவர் எடுக்கவில்லை. இரண்டாம் முறையும் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு மக்சிக்கிடம் ஒரு சாவி இருக்கிறது. அவர்தான் போய்ப் பார்த்தார்.

அம்மா குளியலறைத் தரையில் உட்கார்ந்திருந்தார். 8 மணி வாக்கில் வழுக்கி விழுந்திருக்கிறார். நல்ல வேளையாக எலும்பு முறியவில்லை. இடுப்பில் கன்றிப்போன வீக்கம் மட்டுமே. ஆனால், ஈரத் தரையில் மூன்று மணி நேரம்.

அன்று மாலை உணர்கருவியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே இருந்த பொத்தான் மின்கலன் தீர்ந்துபோயிருந்தது. எப்போது தீர்ந்தது என்றே தெரியவில்லை. கடைசியாக வந்த தகவலையே செயலி நாள்கணக்கில் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அதைப் பார்த்து நானும் நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

விஷயத்தைக் கேட்ட என் மகள், உயர்நிலை மூன்றில் படிப்பவள், ஒரு கேள்வி கேட்டாள். “அப்பா, வீடு முழுக்க வைஃபை அலை இருக்குல்ல? அதுலேர்ந்தே பாட்டியோட சென்சருக்கு மின்சாரம் எடுக்க முடியாதா? அப்புறம் பேட்டரியே வேணாமே?”

நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் மின்னணுவியல் படித்தவன். இப்போது பார்ப்பதோ வங்கி வேலை. ‘முடியாது’ என்று சட்டென்று சொல்ல வாய் வரவில்லை. ‘முடியும்’ என்று சொல்லவும் தயக்கம். பழைய பாடங்களைத் தூசி தட்டத் தொடங்கினேன்.

தினமும் நாம் செய்வதுதான்

காற்றின் வழியே மின்சாரம் பெறுவது புதுமையே அல்ல. பேருந்தில் ஏறும்போது ஈஸி-லிங்க் அட்டையைத் தட்டுகிறோமே, அந்த அட்டைக்குள் மின்கலன் இல்லை. அட்டையின் விளிம்பை ஒட்டி மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று உள்ளே ஓடுகிறது. அதோடு ஒரு சில்லு. பேருந்திலுள்ள கருவி நொடிக்கு 1 கோடியே 35 லட்சம் முறைக்குமேல் திசை மாறும் காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. அட்டை அதன் அருகில் வந்ததும் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. சில்லு விழிக்கிறது, கணக்குப் போடுகிறது, பதில் சொல்கிறது, மறுபடியும் அணைந்துவிடுகிறது. எல்லாம் ஒரு நொடிக்குள். மைக்கேல் ஃபாரடே 1831ல் கண்டறிந்த விதியை 2002ல் ஈஸி-லிங்க் அறிமுகமானது முதல் நாம் அன்றாடம் பயன்படுத்திவருகிறோம். மலேசியாவின் டச் அண்ட் கோ அட்டையும் இப்படித்தான்.

நூலகப் புத்தகங்களும் அப்படியே. அட்டைக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கும் வில்லைக்குள் ஒரு சுருளும் சில்லும் இருக்கின்றன. தேசிய நூலக வாரியம் 1998ல் புக்கிட் பாத்தோக் நூலகத்தில் இந்த முறையை முதலில் கொண்டுவந்தது. அன்று ஒட்டிய வில்லைக்கு இன்றுவரை யாரும் மின்கலன் மாற்ற வேண்டியதில்லை. வளர்ப்பு நாய்களின் தோலுக்கடியில் செலுத்தப்படும் அடையாளச் சில்லும் இதே இனம்தான்.

மகளுக்குச் செய்தே காட்டிவிடலாம் என்று சிம் லிம் டவருக்குப் போனோம். எனாமல் பூசிய செப்புக் கம்பி கொஞ்சமும் சிவப்பு எல்இடி விளக்குகள் சிலவும் வாங்கினோம். வங்கி அட்டை அளவில் கம்பியை ஐந்தாறு சுற்றுச் சுற்றி, இரு முனைகளிலும் விளக்கைப் பொருத்தினாள். அட்டையைப் படிக்கும் வசதியுள்ள என் கைப்பேசியின் முதுகில் அதை வைத்ததும் விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்தது. கட்டிலில் சாய்ந்திருந்த அம்மாவும் எட்டிப் பார்த்தார்.

“இப்போ கொஞ்சம் தூக்கு” என்றேன். நான்கு விரற்கடை உயர்த்தினாள். விளக்கு அணைந்துவிட்டது. சுருளை வைஃபை ரௌட்டருக்கு அருகில் கொண்டுபோனாள். ஒன்றும் நடக்கவில்லை.

“அதுலதான் அலை இருக்குன்னு சொன்னீங்க?”

இருக்கிறது. எவ்வளவு என்பதில்தான் விஷயமே அடங்கியிருக்கிறது.

கணக்குப் போட்டால்

ரௌட்டரில் சுருள் எரியாததற்கு இரண்டு காரணங்கள். வைஃபை அலையின் அதிர்வெண் மிக அதிகம், அதைப் பிடிக்க வேறு வகை ஆண்டெனா வேண்டும். ஆனால், சரியான ஆண்டெனாவை வைத்தாலும் அந்த விளக்கு எரிந்திருக்காது.

வீட்டு ரௌட்டர் ஒன்று சுமார் 100 மில்லிவாட் ஆற்றலை அலையாக வெளியிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆற்றல் எல்லாத் திசைகளிலும் பரவுகிறது. பலூனை ஊத ஊத அதன் தோல் மெல்லிதாகிக்கொண்டே போவதுபோல, தொலைவு கூடக்கூட அலையும் மெலிகிறது. தொலைவு இரு மடங்கானால் கிடைக்கும் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். சிறிய ஆண்டெனாவை 1 மீட்டர் தொலைவில் வைத்தால் ஏறத்தாழ 10 மைக்ரோவாட் கிடைக்கும். 3 மீட்டரில் 1 மைக்ரோவாட்தான். அதாவது, ஒரு வாட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதுவும் இடையில் சுவர் இல்லாமல், ரௌட்டர் இடைவிடாமல் அலையை அனுப்பிக்கொண்டிருந்தால்தான்.

இந்த 1 மைக்ரோவாட்டில் கைப்பேசிக்கு மின்னேற்ற முடியுமா? இன்றைய கைப்பேசி மின்கலனில் சுமார் 19 வாட்-மணி ஆற்றல் பிடிக்கும். வகுத்துப் பார்த்தால் 1 கோடியே 90 லட்சம் மணி நேரம், ஏறக்குறைய 2,170 ஆண்டுகள். திருவள்ளுவர் ஆண்டு தொடங்குவதற்கு நூறாண்டுக்கு முன்பே மின்னேற்றத் தொடங்கியிருந்தால்தான் இன்று நிறைந்திருக்கும். ‘கைப்பேசியின் பின்னால் ஒட்டினால் காற்றிலிருந்தே சார்ஜ் ஏறும்’ என்று யாராவது வில்லை விற்க வந்தால் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

மேசைமேல் வைத்துக் கம்பியின்றி மின்னேற்றும் தட்டு வேறு வகை. அது ஈஸி-லிங்க் அட்டையின் அண்ணன். சுருளோடு சுருள் கிட்டத்தட்ட ஒட்டியிருக்க வேண்டும். அதனால்தான் அதில் 5 வாட், 15 வாட் என்று கிடைக்கிறது. கைப்பேசியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாலே மின்னேற்றம் நின்றுபோவதைப் பலரும் பார்த்திருப்போம்.

பெரிய கனவுகள்

தொலைவிலிருந்தே மின்சாரம் தர வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள் உண்டு. நிக்கோலா தெஸ்லா 1901ல் நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் வார்டன்கிளிஃப் என்ற கோபுரத்தைக் கட்டத் தொடங்கினார். முதலீடு நின்றுபோக, 1917ல் அந்தக் கோபுரம் இடிக்கப்பட்டது. 1964ல் அமெரிக்கப் பொறியாளர் வில்லியம் பிரவுன், தரையிலிருந்து அனுப்பிய நுண்ணலையின் ஆற்றலைக் கொண்டே ஒரு சிறு ஹெலிகாப்டரைப் பறக்கவிட்டுக் காட்டினார். அலையைப் பிடிக்கும் ஆண்டெனாவையும் அதை நேர்மின்சாரமாக மாற்றும் டையோடையும் ஒன்றாக இணைத்தது அவருடைய உத்தி. ‘ரெக்டெனா’ என்று அதற்குப் பெயர். 1975ல் கலிஃபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனில் சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவுக்கு 30 கிலோவாட்டுக்கும் அதிகமாக அனுப்பிக் காட்டினார்கள். அதற்குப் பிரம்மாண்டமான தட்டு ஆண்டெனா வைத்து, அலையை ஒரே திசையில் குவித்து அனுப்ப வேண்டியிருந்தது. வீட்டுக் கூடத்தில் செய்யக்கூடிய வேலை அல்ல.

நம் வீட்டில் கிடைப்பது சிதறிக் கிடக்கும் அலை. அதைப் பொறுக்கி எடுப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. டையோடு என்பது ஒருவழிக் கதவு. அந்தக் கதவு திறக்க ஓரளவு தள்ளுவிசை வேண்டும். மைக்ரோவாட் அளவு மெலிந்த அலைக்கு அந்த விசை போதாது. கதவு சரியாகத் திறக்காது, வந்த ஆற்றலில் பெரும்பகுதி வீணாகும்.

இங்கேதான் நம் ஊர் ஆய்வாளர்கள் வருகிறார்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் யாங் ஹியூன்சூ தலைமையிலான குழு, ஜப்பானின் தொஹோக்கு பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து 2021ல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டது. வழக்கமான டையோடுக்குப் பதிலாக, எலக்ட்ரானின் ‘சுழற்சி’ என்ற பண்பைப் பயன்படுத்தும் நுண்ணிய காந்தச் சாதனங்கள் எட்டை வரிசையாக இணைத்தார்கள். வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையிலிருந்து மின்சாரம் எடுத்து ஒரு மின்தேக்கியில் 5 நொடி சேர்த்தார்கள். அலையை நிறுத்திய பிறகும் சிறு எல்இடி விளக்கு ஒரு நிமிடம் எரிந்தது.

2024ல் அடுத்த படி. இத்தாலியின் மெசினா பல்கலைக்கழகமும் சேர்ந்துகொண்ட அந்த ஆய்வில், சுமார் 2 மைக்ரோவாட் அளவு மெலிந்த அலையைக் கொண்டே, கடையில் கிடைக்கும் வெப்பநிலை உணர்கருவி ஒன்றை இயக்கிக் காட்டினார்கள். என் கணக்குப்படி, ரௌட்டரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளிக் கிடைக்கும் ஆற்றலும் ஏறத்தாழ இதே அளவுதான். ஆய்வுக்கூடத்தில் செய்ததை அப்படியே அம்மா வீட்டுக் குளியலறையில் எதிர்பார்க்க முடியாது. அங்கே இடையில் இரண்டு சுவர்கள் இருக்கின்றன. ஆனாலும், மகளின் கேள்வி வெறும் கற்பனை இல்லை என்பது உறுதியாயிற்று.

சிக்கனம்தான் மறுபாதி

வரவு குறைவாக இருந்தால் செலவைக் குறைக்க வேண்டும். குடும்பக் கணக்குக்குப் பொருந்துவது இதற்கும் பொருந்தும்.

அம்மா வீட்டு உணர்கருவியில் இருந்த மின்கலனில் சுமார் 0.67 வாட்-மணி ஆற்றல் பிடிக்கும். அது இரண்டு ஆண்டுகள் உழைக்க வேண்டுமானால், கருவி சராசரியாக 40 மைக்ரோவாட்டுக்கும் குறைவாகவே செலவழிக்க வேண்டும். அதில் பெரும்பகுதி செய்தி அனுப்பும் சில கணங்களில் போகிறது. மற்ற நேரமெல்லாம் உறக்கம்தான். நல்ல சில்லு ஒன்று உறக்கத்தில் 1 மைக்ரோவாட்கூடச் செலவழிப்பதில்லை.

எனவே கருவியை உறங்க விட்டு, கிடைக்கும் துளிகளை ஒரு மின்தேக்கியில் சேர்க்கிறார்கள். போதிய அளவு சேர்ந்ததும் கருவி விழித்து ஒரு செய்தியை அனுப்பிவிட்டு மறுபடியும் உறங்கிவிடும். உண்டியலில் சில்லறை சேர்ப்பது மாதிரி.

செய்தி அனுப்பும் செலவையே குறைக்கும் வழியும் இருக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு ஒன்று 2013ல் அதைக் காட்டியது. அவர்களின் கருவி தானாக அலை எதையும் உருவாக்குவதில்லை. ஏற்கெனவே காற்றில் உள்ள தொலைக்காட்சி அலையைத் திருப்பி அனுப்பியும் அனுப்பாமலும் செய்தி சொல்கிறது. வெயிலில் கண்ணாடியைக் காட்டி எதிர்ப் புளோக்கில் இருக்கும் நண்பனுக்கு வெளிச்சம் அடிப்போமே, அதே வேலைதான். 2017ல் அதே பல்கலைக்கழகத்தினர் மின்கலன் இல்லாத தொலைபேசி ஒன்றில் பேசியே காட்டினார்கள். அதற்குத் தேவைப்பட்டது சுமார் 3.5 மைக்ரோவாட். குரல் மட்டும்தான், அருகில் அதற்கென ஒரு நிலையமும் இருக்க வேண்டும்.

அலையைவிட எளிதான வரவுகளும் வீட்டில் இருக்கின்றன. கணக்குப்பொறியின் நெற்றியில் இருக்கும் சூரியத் தகட்டைப் போன்றது, வீட்டு விளக்கொளியிலேயே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 10 மைக்ரோவாட் அளவுக்குத் தரக்கூடியது. சாம்சுங் நிறுவனம் தன் தொலைக்காட்சி ரிமோட்டில் சூரியத் தகட்டைப் பொருத்தியது. 2022ல் ரௌட்டர் அலையையும் சேர்த்துக்கொண்டது. ஜெர்மனியின் எனோஷன் நிறுவனத்தின் சுவிட்சுகளில், அழுத்தும் விரலின் விசையே மின்சாரமாகிச் செய்தியை அனுப்புகிறது. கதவைத் திறக்கும் கையின் விசையிலிருந்தும் அதேபோல் எடுக்கலாம்.

அம்மாவின் கேள்விகள்

இதையெல்லாம் மகளிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது அம்மா குறுக்கிட்டார். “ஏன்டா தம்பி, அடுத்த வீட்டு வைஃபையில கரண்ட் எடுத்தா அது திருட்டாயிடாதா?”

நல்ல கேள்வி. சுவரிலும் அலமாரியிலும் பட்டு வெப்பமாக மறைந்துபோகும் அலையில்தான் துளியளவு எடுக்கிறோம். தள்ளி வைத்த சிறு கருவியால் அடுத்த வீட்டார் இணையத்தின் வேகம் குறையாது.

“உடம்புக்கு ஏதாவது ஆகுமா?”

காதில் வைத்துப் பேசும் கைப்பேசி, தேவைப்பட்டால் 200 மில்லிவாட் அளவில் அலையை வெளியிடும். நாம் பேசிக்கொண்டிருக்கும் 1 மைக்ரோவாட் அதில் இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு. தவிர, கருவி புதிதாக எதையும் வெளியிடுவதில்லை, இருப்பதைத்தான் வாங்கிக்கொள்கிறது.

மூன்றாவது கேள்விதான் என்னைத் தடுமாறவைத்தது. “சரி, கரண்ட் போயி அந்த வைஃபை பெட்டியே நின்னு போச்சுன்னா?”

உணர்கருவியும் நின்றுவிடும். செயலி அப்போதும் பச்சை நிறத்தில் ‘கதவு திறந்துள்ளது’ என்றே காட்டிக்கொண்டிருக்கும்.

அப்போதுதான் உறைத்தது. அன்று தவறு மின்கலன் தீர்ந்துபோனதில் மட்டும் இல்லை. கருவி பேசாமல் இருப்பதை ‘எல்லாம் நலம்’ என்று எடுத்துக்கொண்ட ஏற்பாட்டில் இருந்தது. ஆற்றல் எங்கிருந்து வந்தாலும், அது ஒரு நாள் தடைபடத்தான் செய்யும். மின்கலன் தீரும், ரௌட்டர் நிற்கும், விளக்கு அணையும். கதவின் அசைவில் இயங்கும் கருவியோ, கதவு அசையாதவரை வாயே திறக்காது. ஆகவே, ஒரு கருவி ‘கதவு திறந்தது’ என்று சொன்னால் போதாது. ‘நான் இருக்கிறேன், வேலை செய்கிறேன்’ என்று குறிப்பிட்ட இடைவெளியில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் குரல் வராவிட்டால் மணி அடிக்க வேண்டும்.

இதற்குச் சிறிதளவு ஆற்றல் போதும். ஒரு குறுஞ்செய்திக்கு 100 மைக்ரோஜூல் என்று வைத்துக்கொண்டால், 1 மைக்ரோவாட் வரவில் பாதி வீணானாலும் 200 நொடியில் சேர்ந்துவிடும். உறக்கச் செலவையும் கழித்து, பத்து நிமிடத்திற்கு ஒருமுறை என்று தாராளமாக வைக்கலாம். காற்றில் இருக்கும் மின்சாரத்தால் கைப்பேசியை நிரப்ப முடியாது. ஆனால், ‘நான் இருக்கிறேன்’ என்று சொல்லவைக்க முடியும்.

கடைக்குப் போகுமுன்

வீட்டில் முதியோருக்காகக் கருவி வாங்க நினைப்பவர்களுக்கு, பட்டுத் தெரிந்துகொண்ட சிலவற்றைச் சொல்கிறேன். கருவியுடன் தொடர்பு அறுந்தால் எச்சரிக்குமா என்று முதலில் கேளுங்கள். அந்த வசதி இருந்தும் பல செயலிகளில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும், தேடி இயக்குங்கள். மின்கலன் குறைவதை முன்கூட்டியே காட்டுமா என்று பாருங்கள். கடைசித் தகவல் எத்தனை மணிக்கு வந்தது என்று காட்டாத செயலியை நம்பாதீர்கள். வாங்கி வந்த நாளிலேயே மின்கலனைக் கழற்றிவிட்டு, எவ்வளவு நேரத்தில் உங்களுக்குத் தெரியவருகிறது என்று சோதித்துப் பாருங்கள். நான் அந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால் அம்மா மூன்று மணி நேரம் ஈரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

இப்போது அம்மா வீட்டில் இருப்பவை புதிய கருவிகள். அரை மணி நேரம் குரல் கொடுக்காவிட்டால் என் கைப்பேசியும் மனைவியின் கைப்பேசியும் அலறும். மின்கலனில்தான் இயங்குகின்றன. தீபாவளிக்கும் தமிழ்ப் புத்தாண்டுக்கும், தீர்ந்தாலும் தீராவிட்டாலும், மாற்றிவிடுகிறேன். சுருளில் விளக்கு எரிந்ததைப் பார்த்த மகள், அடுத்த அறிவியல் திட்டப்பணிக்கு ரெக்டெனா செய்யப்போவதாகச் சொல்கிறாள். டையோடு வாங்க மறுபடியும் சிம் லிம் டவருக்குப் போக வேண்டும்.

கருவிகள் இருந்தாலும், தினமும் காலை எட்டரைக்கு எல்ஆர்டியில் நின்றபடி அம்மாவை அழைக்கிறேன். நேற்று எடுத்தவுடனேயே சொன்னார்: “இருக்கேன்டா, நல்லாத்தான் இருக்கேன். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை நானும் சொல்லணுமா?”